இரண்டேகால் அங்குலச் சிரிப்பு

ஒபிரி செத்துப் பத்து மாதமாகியும் வேலையை விடவில்லை. கேஜெட்டியா நாற்சந்தியில் மூன்று ஆள் உயர விளம்பரப் பலகையில் ஏறிக்கொண்டு, வலது கையைத் தூக்கி, போகிற வருகிற எல்லோரையும் கடலுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நீலமாகக் கடல். கீழே, ‘நீலக்கரை விடுதி. ஜன்னலைத் திறந்தால் கடல். மூன்று நாள், இருவருக்கு’ என்று கொட்டை எழுத்து. உயிரோடு இருந்த எழுபத்தொரு வருடத்தில் அவர் யாரையும் இவ்வளவு வற்புறுத்திக் கூப்பிட்டதில்லை.

அவருடைய மனைவி அச்சியா லாரி நிலையத்தில் வாழைக்காய் சுட்டு விற்பவள். கரி வாங்க அந்த நாற்சந்தியைத் தாண்டித்தான் போகவேண்டும். கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, எதிர்ப்பக்கக் கடைகளைப் பார்த்தபடி நடப்பாள். அப்படி நடந்தும் பலகைக்கு நேரே வரும்போது காதோரம் ஒபிரியின் குரல் கேட்டுவிடும். “அதுதானே கடல்?”

அந்தக் கேள்விக்கு ஒருமுறை அவள் பதில் சொல்லியிருந்தாள். வினையே அதுதான்.

ஒபிரி நாற்பது வருடம் சுவாமே பட்டறைகளில் லாரிகளுக்கு வெல்டிங் வைத்தவர். ஒரு லாரி பட்டறைக்குள் வந்தால் குனிந்து அடிச்சட்டத்துத் துருவைச் சுரண்டி நாக்கில் வைப்பார். உப்புக் கரித்தால், “இது துறைமுகம் போன வண்டி” என்பார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. கடலை அவருக்கு அப்படித்தான் தெரியும். கண்ணாடி போடாமல் நெருப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கி, பிறகு வாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்து, சக்கர நாற்காலிக்கு வந்த பிறகு ஒருநாள் சொன்னார், “அதைப் பாக்காமலே போயிடுவேன் போலிருக்கு.” அச்சியா இரண்டு வருட வாழைக்காய்ப் பணத்தைக் கொண்டுபோய் நீலக்கரை விடுதிக்குக் கட்டினாள்.

போய்ச் சேர்ந்து ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு சுவர். பன்னிரண்டு அடி உயரம். அதில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கடல் வரைந்திருந்தார்கள். வேப்பமரத்தில் கட்டிய ஒலிபெருக்கியிலிருந்து அலைச்சத்தம் வந்தது. நிஜக் கடல் பதினான்கு மைல் தள்ளி இருந்தது. அங்கே போக ஜீப் உண்டு, கட்டணம் தனி, சக்கர நாற்காலி ஏறாது. விடுதிக்காரனிடம் சண்டை போடலாம் என்று அவள் முந்தானையை வரிந்து கட்டும்போது பின்னாலிருந்து ஒபிரி முகத்தை நிமிர்த்திக் கேட்டார், “அச்சியா, அதுதானே கடல்?”

“ஆமா” என்றாள்.

சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியவில்லை. மூன்று நாளும் அந்தச் சுவரில் கப்பல் விட்டாள், வலை வீசினாள், மழை இறக்கினாள். மின்சாரம் போய் அலைச்சத்தம் நின்றபோது, “கடல் ஏன் நின்னுபோச்சு?” என்று அவர் கேட்க, “அதுக்கும் மூச்சு வாங்குமில்ல” என்று சமாளித்தாள். அவர் தலையாட்டிக்கொண்டார். இரண்டாம் நாளிலிருந்து குளியலறையில் தானே குளித்துக்கொள்வதாக அவர் அடம்பிடித்ததும், நன்றாக இருந்த வலது கையும் முஷ்டியாக மடங்கிக் கிடந்ததும் அவளுக்குப் புதுப் பயத்தைக் கொடுத்தன. வாதம் இந்தப் பக்கமும் வந்துவிட்டதோ என்று நினைத்தாள். திரும்பி வந்த ஆறாவது வாரம் அவர் போய்விட்டார். பொய்யைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டோமே என்ற நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

சாவு அறிவிப்புச் சுவரொட்டிக்கு நல்ல படம் வேண்டுமே. விடுதியின் படக்காரன் எடுத்த ஒரு சின்னப் படம் இருந்தது. இரண்டாம் நாள் காலை, அச்சியா தூரத்தில் கஞ்சியோடு வரும் சத்தம் கேட்டு, ஒபிரி கையைத் தூக்கிச் சிரித்த படம். அதையே அச்சகத்துப் பாஃபோவிடம் கொடுத்தாள். இருநூறு சுவரொட்டியிலும் தூக்கிய உள்ளங்கை நீலம் பாரித்து வந்தது. “செத்தவர் கையில மையக் கொட்டியிருக்கியே, கண்ணு எங்க போச்சு உனக்கு?” என்று அச்சகத்தையே இரண்டாக்கிவிட்டாள். மை தப்பில்லை, படமே அப்படித்தான் என்று பாஃபோ சத்தியம் செய்து பார்த்தான். கேட்பாளா அவள்? கடைசியில் அச்சுக்கூலியில் முப்பது சேடி குறைத்துக்கொண்டான். இருநூறும் ஊர்ச் சுவரெல்லாம் ஏறின. சாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர், “சிரிப்பைப் பாத்தா சொர்க்கத்துக்கே கடல் வழியாத்தான் போயிருக்கார்” என்றார்கள். அதை நீலக்கரை விடுதியாரும் பார்த்தார்கள். படம் எடுத்தவன் அவர்கள் ஆள், ஆகவே படம் அவர்களுடையது. ஒரு மாதத்தில் ஒபிரி பலகையில் ஏறினார்.

வருடம் நெருங்கியது. வருடச் சடங்கு முடிந்தால்தான் அச்சியா கறுப்பைக் களைந்து வெள்ளை உடுத்த முடியும். ஒபிரியின் குடும்பத் தலைவர் போவாடி முடியாது என்றுவிட்டார்.

“நாற்சந்தியில நின்னு வேலை பாக்கறவன எப்படிம்மா வழியனுப்புறது? அவன் போகத் தயாரா இல்ல. கையத் தூக்கிட்டு எதையோ கேட்டுட்டே இருக்கான். என்ன கேக்குறான்னு உனக்குத்தான் தெரியணும்.”

அச்சியாவுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அங்கே கடல் இல்லை என்று யாராவது ஒரு பெரிய மனிதர் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தால், அதைக் கல்லறையில் வாசித்து, விடுதியிலிருந்து திரும்பி வரும் பணத்தில் நிஜக் கடலின் தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றிவிட்டு, மன்னித்துக்கொள் என்று கேட்கலாம் என்று நினைத்தாள். அதற்கென்றே அரசாங்கம் ஓர் இடம் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அதன் பெயர் பயணியர் மனநிறைவு வாரியம்.

வாரியம் மூன்றாவது மாடியில் இருந்தது. காத்திருக்கும் கூடத்தில் நாற்பது நாற்காலிகள். முப்பத்தொன்று காலி. அச்சியா ஒன்றில் உட்காரப் போனாள்.

“அது அமோவா அய்யாவோட நாற்காலிம்மா” என்றான் குமாஸ்தா கிளெமென்ட்.

“எப்ப வருவாரு?”

“அவர் செத்து ஆறு வருஷம் ஆச்சு. மனு உயிரோட இருக்கு. மனு இருக்கற வரைக்கும் நாற்காலி இருக்கும்.”

“பக்கத்துல?”

“அது அவர் சம்சாரத்தோடது. அவரு போன வருத்தத்துல அந்தம்மாவும் போயிட்டாங்க. நீங்க அந்தத் தூண் பக்கமா நில்லுங்க, காத்து வரும்.”

காலை பத்து மணிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். இருப்பவர் பெயர், இல்லாதவர் பெயர், எல்லாம் ஒரே குரலில். பதில் வராத ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும் என்பது விதி. செத்தவர்கள் முப்பத்தொரு பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தக் கூடத்தில் எல்லோரும் வாசலைப் பார்த்தபடி மூச்சுக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு நின்றார்கள். அச்சியாவின் மனுவில் முதல் பயணி ஒபிரி. ஆகவே மறுநாளே அவர் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டது.

“ஒபிரி” என்றான் கிளெமென்ட்.

அவளும் வாசலைப் பார்த்தாள். மின்விசிறி நின்றிருந்தது. காலி நாற்காலி ஒன்று மெல்ல முனகியது.

“வெயிலுக்கு மரம் முனகும்மா” என்று கிளெமென்ட் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “தினம் முனகும். அமோவா அய்யாது மட்டும் மழையிலயும் முனகும்.”

பிறகு அவளுடைய கோப்பைத் திறந்தான். “முதல் பயணி நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்.”

“அவர் செத்துட்டாருன்னு சான்றிதழ் வச்சிருக்கேனே, தம்பி.”

“பாத்தேன். ‘வர இயலாமைக்குக் காரணம்’ங்கற இடத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு. அலுவல் காரணம், சொந்தக் காரணம். எதுல போடட்டும்?”

அச்சியா யோசித்தாள். “சொந்தக் காரணம்னே போடுப்பா.”

“சொந்தக் காரணம்னா மூணு வாய்தா வரைக்கும் மன்னிப்பு உண்டு. அப்புறம் அவர் வந்தே ஆகணும்.”

அடுத்த வாரம் மகிழ்ச்சி மதிப்பீட்டுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே திருமதி ஓஃபோரிவா, மேசையில் ஒபிரியின் சாவுச் சுவரொட்டியை விரித்து, நான்கு மூலையிலும் காகிதக் கல் வைத்திருந்தார். ஒளி புகும் அளவுகோல் ஒன்றை எடுத்து ஒபிரியின் உதட்டில் வைத்தார்.

“ரெண்டேகால் அங்குலம்” என்றார். “ரெண்டு அங்குலத்துக்கு மேல போனா மனநிறைவு.”

“அம்மா, அது சுவரொட்டி. பெருசு பண்ணினது. மனுஷன் வாய் அவ்வளவு அகலம் இருக்குமா?”

“பெருசு பண்ணினது யாரு?”

“நாங்கதான்.”

“உங்க செலவுல?”

“ஆமா.”

“அப்ப மனநிறைவை உங்க சொந்தச் செலவுல பெருசு பண்ணி, இருநூறு பிரதி எடுத்து, ஊரெல்லாம் ஒட்டியிருக்கீங்க. இதுவரைக்கும் எந்த வாடிக்கையாளரும் இவ்வளவு நன்றியோட நடந்துகிட்டதில்லம்மா. நான் இதத்தான் எழுதப்போறேன்.”

ஓஃபோரிவா கெட்டவர் அல்ல. எழுதி முடித்துவிட்டுச் சுவரொட்டியை மடிக்கும்போது ஒபிரியின் முகத்தில் மடிப்பு விழாமல் பார்த்து மடித்தார். “அழகாத்தான் சிரிக்கிறார். யாரப் பாத்து?” என்று கேட்டார்.

“கடலைப் பாத்து” என்று சொல்ல வந்து, சொல்லாமல் எழுந்து வந்தாள் அச்சியா.

கடல் இருக்கிறதா இல்லையா என்று நேரில் பார்க்க ஆய்வாளர் ஒருவர் அனுப்பப்பட்டார். போனவர் குடும்பத்தோடு பதினொரு நாள் தங்கிவிட்டு வந்தார். அறிக்கை எட்டுப் பக்கம். அதில் ஏழு பக்கம் உணவைப் பற்றியது. எட்டாவது பக்கத்தில், ‘கடல் சுத்தமாகப் பராமரிக்கப்படுகிறது. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். எந்தப் பருவத்திலும் சீற்றம் இல்லை. குழந்தைகளுக்கு ஏற்றது’ என்று இருந்தது.

இப்படியாக ஒன்பது வாரம் போனது. அவள் நிற்கும் தூணுக்குப் பக்கத்தில் ஒருநாள் ஒரு புது நாற்காலி வந்தது. முதுகில் காகிதம் ஒட்டி ‘ஒபிரி’ என்று எழுதியிருந்தது. அன்றைக்கு அச்சியாவின் கால் வீங்கியிருந்தது. உட்கார அனுமதி கேட்டாள். முதல் பயணி எழுத்தில் சம்மதம் தரவேண்டும் என்றான் கிளெமென்ட். அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் சக்கர நாற்காலியையும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு நிற்பாள். நாற்காலி முனகியபோது பழக்கத்தில், “என்ன வேணும்?” என்று கேட்டுவிட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கூடத்தில் பலரும் அப்படிப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மூன்றாவது வாய்தாவில் வாரியத் தலைவர் முனைவர் அம்பொன்சா நேரடியாக விசாரித்தார். அவருக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியில் ஒரு கேடயம் இருந்தது.

“அம்மா, இந்த வாரியம் வர்றதுக்கு முன்னாடி வருஷத்துக்கு மூவாயிரம் பேர் ஏமாந்தாங்க. வாரியம் வந்து ஒன்பது வருஷம். ஒருத்தருக்குக்கூட நாங்க பணத்தைத் திருப்பித் தரச் சொல்லல. அப்படின்னா என்ன அர்த்தம்? ஒருத்தர்கூட ஏமாறல. நாட்டுக்கு இதைவிட என்ன வேணும்? இதுக்காகவே நீலக்கரை விடுதி போன வருஷம் எங்களுக்கு விருது குடுத்துது. விழாவும் அங்கதான். நாங்க எல்லாரும் குடும்பத்தோட போயிருந்தோம்.”

“கடல் பாத்தீங்களாய்யா?”

“எனக்கு அறை பின்பக்கம்” என்றார் தலைவர். பிறகு கோப்பைப் புரட்டினார். “சரி. முக்கியமான கேள்விக்கு வருவோம். அது கடல்னு உங்க கணவருக்கு யார் சொன்னது? விடுதி ஊழியரா?”

ஒரு வருடத்துக்கு மேலாக அச்சியா குழந்தையைப் போல் மடியில் வைத்திருந்ததை அவர் பிடுங்கி வெளிச்சத்தில் போட்டுவிட்டார்.

“நான்தான்யா சொன்னேன்” என்றாள். “கேட்டாரு. ஆமான்னுட்டேன். சாகற வரைக்கும் அதக் கடல்னே நம்பிட்டுப் போயிட்டாரு. பணம் வேணாம்யா. அங்க கடல் இல்லன்னு மட்டும் எழுதிக் குடுங்க. நான் அவருக்குப் படிச்சுக் காட்டணும்.”

தலைவர் முகம் மலர்ந்தது. “எழுதிக்கோ கிளெமென்ட். ரெண்டாவது பயணி ஏமாறல, ஏமாத்தினாங்க. இப்ப முதல் பயணி. அவரோட விடைபெறும் படிவம் விடுதியிலேருந்து வந்திருக்கு. முத்திரையைப் பிரிச்சுப் படி.”

அப்படி ஒரு படிவம் இருப்பதே அச்சியாவுக்குத் தெரியாது. கிளம்புகிற அன்று அவள் துணிமணி கட்டும்போது வரவேற்பறைப் பெண் ஒபிரியிடம் ஏதோ கேட்டு எழுதிக்கொண்டிருந்தது நினைவு வந்தது. கிளெமென்ட் பெயர் கூப்பிடும் அதே குரலில் படித்தான்.

“கேள்வி ஒன்று. கடல் காட்சி எப்படி இருந்தது? பதில். அது கடல் இல்ல தாயி, சுவரு. ரெண்டாம் நாள் காலைல அவ கஞ்சி வாங்கப் போனப்ப நாற்காலிய நானே உருட்டிட்டுப் போய்க் கையை வச்சேன். பெயின்ட் காயல. நாக்குல வச்சுப் பாத்தேன். உப்பு இல்ல.

“கேள்வி இரண்டு. உங்களிடம் அன்பாக நடந்துகொண்டார்களா? பதில். என் சம்சாரம் நடந்துகிட்டா. மூணு நாளா அந்தச் சுவத்துல கப்பல் வருது, மீன் துள்ளுதுன்னு சொல்லிட்டே இருக்கா. நாப்பத்தாறு வருஷத்துல அவ எங்கிட்ட இவ்வளவு பேசினதில்ல. எனக்கு நேரமும் இருந்ததில்ல.

“கேள்வி மூன்று. மீண்டும் வருவீர்களா? பதில். அவ சொல்லிட்டு இருந்தா வருவேன்.

“கேள்வி நான்கு. குறைகள், ஆலோசனைகள். பதில். கொஞ்சம் மண்ணெண்ணெய் வேணும். கையில ஒட்டினது போக மாட்டேங்குது. மூடி மூடியே வச்சிருக்கேன். அவ பாத்துட்டா கஷ்டப்படுவா.”

கூடத்தில் நாற்காலி எதுவும் முனகவில்லை.

“ஆக, முதல் பயணிக்கு அது சுவர்னு தெரியும். தெரிஞ்சவர் ஏமாந்தவர் ஆக மாட்டார்” என்றார் தலைவர். “ரெண்டு பேருக்கும் தெரிஞ்சு, ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பொய் சொல்லியிருக்கீங்க. கணவன் மனைவிக்குள்ள நடந்த பொய்க்கு வாரியம் பொறுப்பில்ல. மனு தள்ளுபடி. இதுல உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?”

அச்சியா அழுதுகொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டும் இருந்தாள். ஓஃபோரிவா பார்த்திருந்தால் எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று திண்டாடியிருப்பார்.

“ஒரு குறையும் இல்லய்யா. அந்தக் காகிதத்த மட்டும் எனக்குத் தருவீங்களா?”

“அது வாரியத்தின் சொத்து.”

“இன்னொரு தடவ படிக்கச் சொல்லலாமா?”

“மறுவாசிப்புக்குத் தனி மனும்மா” என்றான் கிளெமென்ட். படிவத்தை உறைக்குள் போடாமல் கையிலேயே வைத்திருந்தான்.

“வேணாம்ப்பா. எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு.”

போகும்போது அந்தப் புது நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனாள். யாரும் தடுக்கவில்லை. மனு செத்துவிட்டதால் அது இப்போது வெறும் நாற்காலி.

சுவர் என்று எழுதிக்கொடுத்த ஆளைப் பலகையில் வைத்திருந்தால் வம்பு என்று விடுதியாருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். வாரியத்தில் ஒரு மனு ஒன்பது வாரம் நகராத ஊரில் அந்த ஒரு வேலை மட்டும் இரண்டே நாளில் நடந்தது. அச்சியா கரி வாங்கப் போனபோது நாற்சந்தியில் இரண்டு பேர் ஏணி போட்டுப் பற்பசை விளம்பரம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒபிரியின் முகம் போய்விட்டது. தூக்கிய கை மட்டும் மிச்சம். முதல்முறையாக அவள் எதிர்ப்பக்கம் பார்க்காமல் நேராக நிமிர்ந்து அதைப் பார்த்தாள். உள்ளங்கை நன்றாக நீலமாக இருந்தது. காதில் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை.

“ஏம்மா, உங்க ஆளா?” என்று ஏணியிலிருந்தவன் கேட்டான்.

“ஆமா. எனக்குத்தான் கையக் காட்டுறாரு” என்றாள். அவன் ஒட்டி முடிக்கும் வரை நின்றிருந்தாள்.

அங்கிருந்து போவாடி வீட்டுக்குப் போய்விட்டு, நேரே பாஃபோவின் அச்சகத்துக்குப் போனாள். அவளைக் கண்டதும் பாஃபோ இயந்திரத்துக்குப் பின்னால் நகர்ந்தான்.

“என்னம்மா, இப்ப எதுல மை வழிஞ்சிருக்கு?”

“வருஷச் சுவரொட்டி அடிக்கணும். போவாடி அய்யா நாள் குறிச்சுட்டாரு. பழைய படத்தையே போடு.”

“அந்தக் கைய வேணா வெள்ளையாக்கிடட்டுமா? இப்ப புது மிஷின் வந்திருக்கு.”

“தொட்டே, கையை முறிச்சுடுவேன். அந்த நீலம் அப்படியே வரணும். இன்னும் நல்லாத் தெரிஞ்சாலும் சரி. சிரிப்பு ரெண்டேகால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது.”

பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்து முப்பது சேடியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“இது எதுக்கும்மா? முன்பணமா?”

“போன தடவ குறைச்சியே, அது. உன் மை சரியாத்தான் இருந்துச்சு.”

பாஃபோ பணத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். எதிலாவது கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள் அச்சியா.